ஏழாம் விதிக்கு அடங்காத கடல்

2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் பதினொன்றாம் நாள், திங்கட்கிழமை, முற்பகல் ஒன்பது மணி நாற்பது நிமிடம். மைசூரு மண்டி மொஹல்லாவில் தூறல். காற்றின் வெப்பநிலை 22.4 டிகிரி. இந்த விவரங்களை யாரும் கேட்கவில்லை. கணபதிராமன் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் குடையை மடக்கி, சன்னலுக்கு வெளியே தொங்கும் வெப்பமானியைப் பார்த்து, பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். ஆறு ஆண்டுகளில் ஒருநாள்கூட இது தவறியதில்லை. அந்தப் பதிவேட்டை இதுவரை வேறு எவரும் திறந்ததில்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் எழுதுவதை அவர் ஒழுங்கு என்று அழைத்தார். அவர் மனைவி பாலாம்பாள் அதற்கு வேறொரு பெயர் வைத்திருந்தாள். அதை விருந்தாளிகளுக்கு முன்னால்தான் சொல்வாள்.

அவர் வேலை பார்த்த இடம் கரையளவு மையம் என்ற சிறிய அறக்கட்டளை. தமிழகக் கடற்கரையில் ஆறு ஊர்களில் பெண்கள் நாள்தோறும் காலை ஒன்பது மணிக்குக் கடல்நீரின் வெப்பநிலையை அளந்து, படிவத்தில் எழுதி அனுப்புவார்கள். அந்த எண்களை ஏற்பதும் தள்ளுவதும் மதிப்பாய்வாளர் கணபதிராமனின் பொறுப்பு. கடலை அளக்கும் அலுவலகம் மைசூரில், ஓர் இரும்புக் குழாய்க் கடையின் மாடியில் இருந்ததற்கு, அந்தக் கட்டடம் நிறுவனருக்குச் சொந்தமானது என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. ஆனால் கேட்டவர்களிடம் கணபதிராமன் வேறொரு காரணம் சொல்வார்: தள்ளி நிற்பவனுக்குத்தான் பாரபட்சம் இராது. அவர் தம் அறுபத்தாறு வயதில் கடலை இருமுறை பார்த்திருந்தார். முதல் முறை மங்களூரில், திருமணமான புதிதில். இரண்டாம் முறை சென்னையில், காலணியைக் கழற்றாமல்.

மேசைமேல் அன்று கையெழுத்தாக வேண்டிய தீர்மானம் தட்டச்சு செய்யப்பட்டுத் தயாராக இருந்தது. அது நான்காம் நிலையமான சங்குவலசையைப் பற்றியது. இராமநாதபுரக் கரையில் உள்ள அந்த ஊரின் பெண்கள் கடலில் மூழ்கி, பாறையில் வளரும் மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்து விற்பவர்கள். கடல் சூடாகிவிட்டது, பாசி வெளுத்துச் சாகிறது, ஆகவே வெயில் காலத்தில் தொடங்கி ஆறு மாதம் யாரும் பாசி எடுக்காத ஓய்வுப் பருவம் வேண்டும், அந்த ஆறு மாதமும் கரையில் மாற்றுவேலைக்கு மையம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று முப்பத்திரண்டு பெண்கள் விண்ணப்பித்திருந்தார்கள். மூன்று ஆண்டு அளவுகள் அதை மெய்ப்பித்தால் மையம் ஒப்புக்கொள்ளும். மெய்ப்பித்தனவா என்று சொல்ல வேண்டியவர் கணபதிராமன். அவர் சொல்லியிருந்தார்: “மூன்று ஆண்டுகளின் ஏற்கத்தக்க அளவுகளில் ஓர் எண்ணும் 31.4 டிகிரியைக் கடக்கவில்லை. கடல் வழக்கத்துக்கு மாறாக வெப்பமடைந்ததற்குச் சான்றில்லை. ஓய்வுப் பருவம் தேவையற்றது.” சொற்சிக்கனத்துக்காக அந்த மூன்று வாக்கியங்களையும் அவர் வார இறுதி முழுவதும் இழைத்திருந்தார். மறுபடி வாசித்தபோது மனத்துக்கு நிறைவாக இருந்தது. அந்த நிறைவைப் பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் அவருக்குக் காது சிவக்கும்.

பேனாவைத் திறந்த நேரத்தில் சைத்ரா கதவருகே வந்து நின்றாள். அவள் மையத்தின் கணினி வேலைகளைப் பார்ப்பவள். அவருக்கு அடுத்தபடியாக அங்கிருந்த ஒரே ஊழியரும் அவளே. பிறந்து வளர்ந்தது மைசூரில். தமிழ் வீட்டில் மட்டும்; பேச்சில் கன்னடம் கலந்துவிடும்.

“சார், உங்கள பார்க்க ஒருத்தர் பந்திருக்காங்க. சங்குவலசையாம்.”

“வந்திருக்காங்க.”

“ஹௌது சார், அதான் சொன்னேன்.”

உள்ளே வந்தவளுக்கு ஐம்பது வயது இருக்கலாம். தோளில் நனைந்த துண்டு, கையில் ஒயர் கூடை. பெயர் பொன்னம்மா, நான்காம் நிலையத்தின் பொறுப்பாளர். மகன் காளிதாஸ் மைசூரில் கட்டடங்களுக்குக் கம்பி கட்டும் வேலை செய்கிறான். அவனைப் பார்க்க வந்த கையோடு தீர்மானத்தையும் வாங்கிப் போக வந்திருந்தாள். மூன்று ஆண்டுகளாக அவள் எழுத்தைத் திருத்தி வந்த கணபதிராமன் அவளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

“உக்காருங்கோ. மழையில சிரமப்பட்டுட்டேளா?”

“இது மழையாய்யா? எங்கூர்ல தண்ணிக்கு மேலயே இதவிட ஈரமா இருக்கும்.” அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். “முடிவு சொல்லிட்டிகளா?”

கெட்ட செய்தியை நேரடியாகச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. முதலில் பாராட்டு, பிறகு முடிவு. கடிதமானாலும் பேச்சானாலும் அதுவே முறை. அலமாரியிலிருந்து இந்த ஆண்டின் படிவங்களை எடுத்து அவள் முன் விரித்தார்.

“முதல்ல ஒண்ணு சொல்லணும். முதல் ரெண்டு வருஷம் உங்க நிலையத்து எண்கள் ரொம்ப மோசம். முப்பத்திரண்டு, முப்பத்திரண்டரைன்னு கன்னாபின்னான்னு இருந்தது. இந்த வருஷம் பாருங்கோ. ஏப்ரல், மே ரெண்டு மாசத்துல நாற்பத்துநாலு நாள், ஒரே சீரா முப்பத்தொன்று புள்ளி நாலு. எவ்வளவு கட்டுப்பாடு. ஜூன்ல உங்களுக்குப் பாராட்டுக் கடிதமே அனுப்பினேன், வந்துதா?”

“வந்துச்சுய்யா. சட்டம் போட்டு மாட்டியிருக்கோம்.” அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், விளையாடுகிறாரா என்று அறிவதைப் போல. “அது நீங்க கேட்ட நம்பருதானேய்யா.”

“நான் எங்கே கேட்டேன்?”

“புத்தகத்துல. ஏழாவது விதி. முப்பத்தொன்னு புள்ளி நாலுக்கு மேல போனா கருவி கெட்டுப்போச்சுன்னு அர்த்தம், அந்த எண்ணைத் தள்ளிரணும்னு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைய விட்டு மூணுதரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டோம். நாங்க முப்பத்திரண்டுன்னு எழுதி அனுப்புனா சிவப்புல கோடு போட்டுத் திருப்பி அனுப்புனிக. புதுக் கருவி குடுத்திக. அதுவும் முப்பத்திரண்டுன்னுச்சு. திரும்பக் கோடு. நாலு கருவி மாத்துனிக. அஞ்சாவதும் அதையேதான் சொல்லுச்சு. சரி, படிச்சவுக அம்புட்டு தூரத்துல இருந்து சொல்றாக, கடலுக்குத்தான் வெவரம் பத்தலைன்னு, இந்த வருசம் மேல போன நாளுக்கெல்லாம் முப்பத்தொன்னு புள்ளி நாலுன்னு எழுதிட்டோம். ஒடனே பாராட்டு வந்துருச்சு.”

சைத்ரா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின.

விதிநூல் கணபதிராமனின் படைப்பு. பதினான்கு விதிகள், ஒன்பது மாத உழைப்பு. ஏழாம் விதிக்கு அவர் எடுத்துக்கொண்ட ஆதாரம் ஒரு பழைய அச்சு அட்டவணை. முப்பது ஆண்டுகளில் அந்தக் கரையில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை 30.9 என்று அதில் இருந்தது. அதோடு அரை டிகிரியைத் தாராளமாகச் சேர்த்து எல்லை வகுத்திருந்தார். அந்த அரை டிகிரியை எண்ணித் தம் பெருந்தன்மையை அவரே மெச்சிக்கொண்ட நாள்களும் உண்டு. அட்டவணை அச்சான பிறகு கடல் மாறக்கூடும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றவேயில்லை. கடல் சூடாகிறதா என்று கண்டறிய அமைத்த ஏற்பாட்டில், சூடான நாள்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் குப்பையில் போடுவதற்கு ஒரு விதியை எழுதி, அதற்கு எண்ணும் இட்டு, ஓரத்தில் கோடும் போட்டிருந்தார்.

ஆனாலும் மனிதன் தன் விதியை அவ்வளவு எளிதில் விட்டுவிடுவதில்லை.

“கருவி கெட்டுப்போயிருக்கலாம் இல்லையா? அஞ்சுமே?”

பொன்னம்மா கூடைக்குள் கைவிட்டு, ஈயத் தம்ளர் ஒன்றில் பழைய சேலைத் துணி சுற்றி வைத்திருந்த வெப்பமானியை எடுத்து மேசைமேல் வைத்தாள். கைக்குழந்தையைப் படுக்கவைக்கும் கவனத்தோடு வைத்தாள்.

“நீங்களே பாருங்கய்யா. அதுக்காகத்தான் பஸ்ஸுல மடியிலயே வச்சுக் கொண்டாந்தேன்.”

“மத்த நாலும் எங்கே சார் இருக்கு?” என்றாள் சைத்ரா.

எங்கே இருக்கின்றன என்பது அவருக்குத் தெரியும். அவருடைய அலமாரியின் கீழ்த்தட்டில், நான்கு அட்டைப் பெட்டிகளில் இருந்தன. ஒவ்வொன்றின் மீதும் அவருடைய அழகிய கையெழுத்தில் “பழுது” என்றும், தேதியும், சுருக்கொப்பமும் இருந்தன.

“நீங்க அதுகள டெஸ்ட் பண்ணீங்களா?”

“பழுதுன்னு எழுதியிருக்கே.”

“எழுதினது நீங்கதானே சார்.”

முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசாங்கப் பரிசோதனைக் கூடத்தில் எடைக்கற்களையும் அளவைகளையும் வெப்பமானிகளையும் சோதித்துச் சான்றளித்தவர் கணபதிராமன். சோதிக்காமல் ஒரு மிட்டாய்க்கடைத் தராசைக்கூட அவர் நம்பியதில்லை. இந்த நான்கையும் ஏன் சோதிக்கவில்லை என்று அவர் தம்மைக் கேட்டுக்கொண்டார். விடை உடனே கிடைத்தது. அதில் ஏதும் ஆழமில்லை. விதி சொன்னது, விதியை எழுதியவர் மேல் அவருக்கு நம்பிக்கை இருந்தது.

சைத்ரா கீழே போய்ப் பழச்சாறுக் கடையிலிருந்து ஒரு பை பனிக்கட்டி வாங்கி வந்தாள். கணபதிராமன் அதைத் தாமே உடைத்து, வாயகன்ற குடுவையில் போட்டு, காய்ச்சி வடித்த நீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் காத்திருந்தார். உருகும் பனியில் கெடாத வெப்பமானி பூச்சியம் காட்ட வேண்டும். ஐந்து வெப்பமானிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக இறக்கினார். பூச்சியம். பூச்சியம். பூச்சியம் புள்ளி ஒன்று. பூச்சியம். பொன்னம்மாவின் வெப்பமானியும் பூச்சியம். பிறகு வெதுவெதுப்பான நீரில் தம்முடைய சான்றிதழ் பெற்ற ஒப்புக்கருவியோடு சேர்த்து வைத்தார். ஆறும் ஏறத்தாழ ஒரே எண்ணைச் சொல்லின.

“ஆயித்து சார், முடிஞ்சுது,” என்றாள் சைத்ரா.

அவர் ஒரு துணியை எடுத்து ஐந்து வெப்பமானிகளையும் தேவைக்கு அதிகமாகத் துடைத்தார்.

“அங்கே என்ன ஆகிண்டிருக்கு?” என்று கேட்டார் சற்றுப் பொறுத்து. மூன்று ஆண்டுகளில் அவர் சங்குவலசையைக் கேட்ட முதல் கேள்வி அது.

பொன்னம்மா விரல்களை விரித்துக் காட்டினாள். பாறை கிழிக்காமலிருக்கத் துணி சுற்றிச் சுற்றி, நுனிகள் வெளிறியிருந்தன. “மரிக்கொழுந்து நல்லா இருந்தா பறிக்கும்போது கைய இழுக்கும்யா. விடாது. இப்போ நுனி வெள்ளையாப் போயிருது, தொட்டா வேரோட கையோட வந்துருது. வேரு போனா அந்தப் பாறையில மறுக்கா மொளைக்காது. பவளப்பாறையே அங்கங்க சுண்ணாம்பு அடிச்ச மாதிரி நிக்கிது. பாசி மேயற ஓரா மீனு கரைப்பக்கமே வரல. நண்டு ஆழத்துக்குப் போயிருச்சு. நாங்க மட்டுந்தான் போக்கிடம் இல்லாம அங்கனயே முங்கிக்கிட்டிருக்கோம்.”

“அப்போ எடுக்காம இருக்கலாமே?”

“நான் எடுக்காட்டி அடுத்தவ எடுப்பா. அவ எடுக்கும்போது நான் ஏன் சும்மா இருக்கணும்னு நானும் எடுப்பேன். முப்பத்திரண்டு பேரும் ஒண்ணா நிறுத்தணும், நிறுத்துனா வீட்டுல உலை வைக்க ஒரு வேலை வேணும். அதுக்குத்தானே ஒங்க கையெழுத்து.” அவள் குரலில் கெஞ்சல் இல்லை. “இன்னொரு வருசம் இப்படியே எடுத்தோம்னா, அப்புறம் நீங்க ஓய்வு குடுத்தாலும் ஓய்வெடுக்க அங்க பாசி இருக்காது.”

மேசைமேல் மூன்று வாக்கியங்கள் கிடந்தன. சொற்சிக்கனம் இன்னும் குறையாமல் இருந்தது.

அவர் முதல் இரண்டு ஆண்டுகளின் படிவங்களைக் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்புக் கோடுகள். 2023இல் பத்தொன்பது நாள், 2024இல் ஐம்பத்தேழு. ஆனால் ஆவணத்தில் ஓர் எண்ணை நீக்கும்போது அதை அழிக்கவோ கிறுக்கி மறைக்கவோ கூடாது. ஒற்றைக் கோடு மட்டும் இட்டு, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும் என்பது பரிசோதனைக் கூடத்தின் பழைய வழக்கம். கணபதிராமன் அதை அடிமட்டம் வைத்துச் செய்திருந்தார். ஆகவே ஒவ்வொரு கோட்டுக்கு அடியிலும் எண் அச்சுப்போலத் தெரிந்தது. 32.1. 32.4. 31.9. 33.0. தம் முட்டாள்தனத்தை இவ்வளவு நேர்த்தியாகப் பாதுகாத்து வைத்த இன்னொரு மனிதன் கர்நாடகத்தில் இருப்பானா என்பது அவருக்கு ஐயமாக இருந்தது.

“இது ரெண்டு வருஷம். மூணாவது வருஷம் போச்சே. உண்மையான எண் உங்ககிட்ட இல்லையே.”

“ஏன் இல்ல?” பொன்னம்மா மறுபடி கூடைக்குள் கைவிட்டாள். வெளியே வந்தது வலை நூலில் கோத்த ஒரு கட்டுக் காகிதம். தினமும் கிழிக்கும் காலண்டரின் தாள்கள். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் ஓர் எண். சிலவற்றில் கூடவே சில சொற்கள்: பாசி நுனி வெள்ளை. ஓரா இல்லை. தண்ணி வெந்நீ மாதிரி. “ஒங்களுக்கு அனுப்புறது ஒங்களுக்கு. கடல் சொன்னத கடல் சொன்னபடி எங்கயாச்சும் வைக்கணும்ல.”

கணபதிராமன் தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். தேதி அச்சில் இருந்தது. யாரும் மாற்றியிருக்க முடியாது. மை நாளுக்கு நாள் வேறுபட்டது. சில தாள்களில் உப்பு பூத்திருந்தது. எண்களின் கடைசி இலக்கங்கள் தாறுமாறாக இருந்தன. ஒரே இடத்தில் உட்கார்ந்து கற்பனையாக எழுதுகிறவன் அப்படி எழுத மாட்டான். அவர் வாழ்க்கையில் பார்த்த மிகச் சிறந்த பதிவேடு அதுவாகத்தான் இருக்க வேண்டும். விதி மூன்றின்படி அது பதிவேடே ஆகாது. உரிய படிவத்தில் இல்லை.

“சார், அதெல்லாம் சரி,” என்றாள் சைத்ரா மெதுவாக. “பன்னிரண்டாவது விதி?”

அதை மறந்திருந்தார் என்று சொல்ல முடியாது. நினைக்காமலிருக்க முயன்றுகொண்டிருந்தார். பன்னிரண்டாம் விதி: அளவை மாற்றி எழுதியவர் உடனடியாக மையத்திலிருந்து நீக்கப்படுவார், அவருடைய நிலையத்தின் விண்ணப்பமும் தள்ளுபடியாகும். காலண்டர் தாள்களை ஏற்றால், நாற்பத்துநான்கு நாள் பொய் எழுதப்பட்டது என்பதையும் ஏற்க வேண்டும். ஏற்காவிட்டால் கடல் சூடாகவில்லை. இரண்டு கதவுகளுக்கும் அவரே பூட்டுப் போட்டிருந்தார்.

“என்னய்யா அது?” என்றாள் பொன்னம்மா.

அவர் சொன்னார். சுற்றி வளைக்காமல், பாராட்டு இல்லாமல் சொன்னார்.

அவள் சிறிது நேரம் வெளியே பார்த்தாள். கீழே ஓர் ஆட்டோ, குழாய் ஏற்றிய வண்டிக்குப் பின்னால் நின்று ஒலியெழுப்பிக்கொண்டிருந்தது. “சரிய்யா. மாத்தி எழுதுனது நானு. என்னை எடுத்துருங்க. மத்த முப்பத்தொரு பேரு எழுதல, அவுகளுக்கு ஓய்வு குடுத்துருங்க.”

“விதி அப்படிப் பிரிக்கலை.”

“பிடி சார், விடுங்க,” என்றாள் சைத்ரா. “உங்க விதிதானே. ஸ்வல்ப மாத்திக்குங்க.”

“முடிவெடுக்கிற நாளில் விதியை மாத்தறவன் மதிப்பாய்வாளன் இல்லை.”

“ஹாகாத்ரே, அப்போ என்னதான் பண்ணப் போறீங்க?”

அவர் 2023ஆம் ஆண்டில் முதல் கோடு விழுந்த படிவத்தை மறுபடி எடுத்தார். மே ஒன்பதாம் தேதி. பொன்னம்மாவின் எழுத்தில் 32.1. அதன்மேல் சிவப்புக் கோடு. பக்கத்தில் சுருக்கொப்பம்: க.ரா. அந்த இரண்டு எழுத்துகளையும் அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். சைத்ரா அவரிடம் அதுவரை அந்த ஒலியைக் கேட்டதில்லை. இருமுகிறார் என்று நினைத்துத் தண்ணீர்ப் புட்டியை நகர்த்தி வைத்தாள்.

“பன்னிரண்டாம் விதியை வாசி.”

“அளவை மாற்றி எழுதியவர் உடனடியாக மையத்திலிருந்து...”

“போதும். சங்குவலசை அளவை முதன்முதல்ல மாத்தினது யாரு? தேதியோட, ஒப்பத்தோட இருக்கு பார். எழுபத்தாறு தடவை. அவா எழுதின நாற்பத்துநாலு, நான் போட்ட கோட்டைப் பார்த்து எழுதினது. அதுக்கு நான் பாராட்டுக் கடிதம் வேற கொடுத்திருக்கேன். எழுதச் சொன்னதும் நான், எழுதினதைச் சரின்னு ஏத்துண்டதும் நான். எனக்கு நிலையமும் இல்லை, தள்ளுபடியாக விண்ணப்பமும் இல்லை. விதி ரொம்பத் தெளிவா இருக்கு. நல்லாத்தான் எழுதியிருக்கேன்.”

“சார்,” என்றாள் சைத்ரா. இம்முறை அவள் சிரிக்கவில்லை. “நாளைலேர்ந்து இந்த வேலைய யார் பண்றது?”

“தெரியாது. நான் இல்லை என்கிறது மட்டும் தெரியும்.”

அவர் பழைய தீர்மானத்தின்மேல் அடிமட்டம் வைத்து ஒற்றைக் கோடு இழுத்து, சுருக்கொப்பமும் தேதியும் இட்டார். புதியதைத் தட்டச்சு செய்யக் கொடுக்கவில்லை. வெள்ளைத் தாளில் தாமே எழுதினார். வார இறுதி முழுவதும் இழைத்த வாக்கியங்களைவிட இவை கரடுமுரடாக இருந்தன. ஓர் இடத்தில் ஒரே சொல் இருமுறை வந்துவிட்டது. பார்த்தார், விட்டுவிட்டார்.

பொன்னம்மா கேட்டாள்: “என்னய்யா எழுதியிருக்கிக? வாசிச்சுச் சொல்லுங்க.”

அவர் வாசித்தார். “சங்குவலசை நிலையத்தின் கருவிகள் ஐந்தும் சரியானவை. 2023, 2024 ஆண்டுகளில் நீக்கப்பட்ட எழுபத்தாறு அளவுகளும் சரியானவை; அவை மீண்டும் சேர்க்கப்படுகின்றன. 2025ஆம் ஆண்டுக்கு நிலையப் பொறுப்பாளரின் காலண்டர் தாள்களே சரியான அளவுகள். அவை சரியானவை என்று நான் சான்றளிக்கிறேன். ஜூன் மாதப் பாராட்டுக் கடிதம் திரும்பப் பெறப்படுகிறது. கடல் சூடாகியிருக்கிறது. ஓய்வுப் பருவம் வழங்கப்பட வேண்டும். ஏழாம் விதி எல்லா நிலையங்களிலும் நிறுத்தி வைக்கப்பட வேண்டும். அதனால் தள்ளப்பட்ட எண்கள் அனைத்தும் மறுபடி பார்க்கப்பட வேண்டும். பன்னிரண்டாம் விதியின்படி, அளவுகளை மாற்றிய மதிப்பாய்வாளர் கணபதிராமன் இன்றே நீக்கப்படுகிறார்.”



“ஒங்களுக்கு ஒங்க மேல என்னய்யா அம்புட்டுக் கோவம்?” என்றாள் பொன்னம்மா.

“கோவம் இல்லைம்மா. விதி.”

“அந்தப் பாராட்ட சட்டத்துல இருந்து கழட்டணுமோ?”

“கழட்டிடுங்கோ.”

“சட்டம் நல்ல சட்டம்யா. இதப் போட்டு மாட்டிக்கிறோம்.”

அவர் பெயருக்கு மேலே கையெழுத்திட்டார். தேதி இட்டார். நேரத்தை எழுதும்போது வழக்கப்படி அவர் தலை சன்னலுக்கு வெளியே தொங்கிய வெப்பமானியின் பக்கம் பாதி திரும்பியது. அதை நடுவழியில் நிறுத்திக்கொண்டார். மையத்தின் முத்திரையை வைத்து, மை காய ஊதி, தாளை நான்காக மடிக்கப் போனவர் மடிக்காமல் அப்படியே இரு கைகளாலும் நீட்டினார். பொன்னம்மா எழுந்து, ஈரத் துண்டில் விரல்களைத் துடைத்துக்கொண்டு, அதை வாங்கிக்கொண்டாள்.